"நினைச்சாலே குமட்டுது" என்பது ஒரு வாதமா? – மார்த்தா நுஸ்பாம் பற்றிச் சில குறிப்புகள்

2018 செப்டம்பர். போடியில் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்து டீக்கடையில் மாமாவும் நானும் என் பள்ளித் தோழன் ஒருவனும் உட்கார்ந்திருந்தோம். மாமா ஏலக்காய் வியாபாரி. அந்த வருஷ மழையில் இடுக்கிப் பக்கத்துத் தோட்டங்கள் பலமாக அடிவாங்கியிருந்தன. பேச்சு விலையைச் சுற்றியே போய்க்கொண்டிருந்தது. பேப்பரைப் புரட்டிக்கொண்டிருந்த மாமா ஒரு செய்தியில் நின்றார். வயது வந்த இருவர் மனமொத்து வைத்துக்கொள்ளும் ஒருபாலுறவு இனிக் குற்றமில்லை, 377ஆம் பிரிவு அந்த அளவுக்குச் செல்லாது என்று உச்ச நீதிமன்றம் சொன்ன செய்தி.

"யாருக்கும் தொந்தரவு இல்லைன்னா அவங்க பாடு, நமக்கென்ன. ஆனா மாப்ள, நினைச்சாலே குமட்டுது பாரு" என்று சொல்லிவிட்டுச் சிரித்தார். நானும் சிரித்து வைத்தேன். தோழன் மட்டும் மிச்ச டீயை ஒரே மடக்கில் குடித்துவிட்டு, வேலையிருக்கிறது என்று எழுந்து போனான்.

மாமா கெட்ட மனிதர் இல்லை. யாரையும் அடிக்கச் சொல்கிறவரோ உள்ளே போடச் சொல்கிறவரோ இல்லை. ஆனால் அந்த இரண்டு வரியில், தனக்கே தெரியாமல், நூற்றைம்பது வருஷத்துக்கும் மேலாக நடக்கும் ஒரு சண்டையின் இரண்டு தரப்பையும் அவர் பேசிவிட்டார். முதல் வரி ஜான் ஸ்டூவர்ட் மில் கட்சி. அடுத்தவருக்குத் தீங்கு இல்லாத செயலில் சட்டம் தலையிடக் கூடாது என்று 1859இல் எழுதியவர் அவர். வாழ்நாளில் பாதிக்கு மேல் கிழக்கிந்தியக் கம்பெனியின் லண்டன் அலுவலகத்தில் வேலை பார்த்தவரும் அவரேதான். அவருடைய புத்தகம் வந்த அடுத்த வருஷம், 1860இல், 377ஆம் பிரிவைச் சுமந்துகொண்டு இந்தியத் தண்டனைச் சட்டம் பிறந்தது. இரண்டாவது வரி பாட்ரிக் டெவ்லின் கட்சி. 1957இல் இங்கிலாந்தில் வுல்ஃபென்டன் குழு, ஒருபாலுறவைக் குற்றப் பட்டியலிலிருந்து எடுத்துவிடலாம் என்று பரிந்துரைத்தபோது எதிர்த்துப் பேசிய நீதிபதி இவர். சாதாரண, நேர்மையான ஒரு மனிதனுக்கு ஒன்று ஆழமாக அருவருப்பாக இருந்தால், அதைத் தடை செய்ய அதுவே போதுமான காரணம் என்பது டெவ்லினின் வாதத்தின் சாரம்.

இந்தக் "குமட்டுது" என்ற சொல்லை எடுத்துவைத்து, அதற்குள் என்ன இருக்கிறது என்று பிரித்துப் பார்த்தவர் ஒரு தத்துவப் பேராசிரியர். பெயர் மார்த்தா நுஸ்பாம். அவரைப் பற்றித்தான் இந்தக் குறிப்புகள்.

நாடக மேடையிலிருந்து அரிஸ்டாட்டிலுக்கு

நுஸ்பாம் 1947இல் நியூயார்க்கில் பிறந்தவர். வசதியான குடும்பம். கல்லூரியைப் பாதியில் விட்டு நாடகத்துக்குப் போனார், பிறகு படிப்புக்குத் திரும்பினார். ஹார்வர்டில் முனைவர் பட்டம் வாங்கியது 1975இல். ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட நூல், விலங்குகளின் அசைவைப் பற்றி அரிஸ்டாட்டில் எழுதியது. விலங்குக்கும் மனிதனுக்கும் உள்ள உறவு அப்போதே அவரைப் பிடித்துக்கொண்டது என்பதை நினைவில் வையுங்கள், பின்னால் வரும்.

ஹார்வர்டில் ஜூனியர் ஃபெலோ என்ற பெரிய கௌரவத்தைப் பெற்ற முதல் பெண் அவர்தான். 'ஃபெலோ' என்பதற்குப் பெண்பால் என்ன என்று ஒரு குழப்பம். 'ஹெடைரா' என்று கூப்பிடலாமே என்று ஒரு அறிஞர் வாழ்த்துக் குறிப்பில் எழுதினாராம். கிரேக்கத்தில் அதற்குத் 'தோழி' என்றும் பொருள் சொல்லலாம், ஆனால் வழக்கில் அது கணிகையரைக் குறிக்கும் சொல். படித்தவர்கள் கூடும் இடத்தில் அவமானம் எப்படி நகைச்சுவை வேஷத்தில் வரும் என்று அவர் அன்றே பார்த்துவிட்டார்.

ஹார்வர்டில் அவருக்கு நிரந்தரப் பணி கிடைக்கவில்லை. பிரௌன் பல்கலைக்கழகத்துக்குப் போனார். 1986இல் வந்த 'தி ஃப்ரஜிலிட்டி ஆஃப் குட்னஸ்' அவருக்குப் பெயர் வாங்கித் தந்தது. நல்ல வாழ்க்கை என்பது நம் கையில் மட்டும் இல்லை, அதிர்ஷ்டத்தாலும் பிறராலும் எளிதில் உடையக்கூடியது என்பதைக் கிரேக்கத் துன்பியல் நாடகங்களை வைத்துப் பேசும் நூல் அது. 1995 முதல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் இருக்கிறார். சட்டப் பள்ளி, தத்துவத் துறை இரண்டிலும் பதவி.

நடுவில் இன்னொரு பாதையும் உண்டு. 1980களின் பிற்பகுதியில் அமர்த்தியா சென்னுடன் ஹெல்சின்கியில் ஒரு ஐ.நா. ஆய்வு நிறுவனத்தில் வேலை செய்தார். அங்கிருந்து இந்தியாவுக்கு வந்தார். அகமதாபாத்தில் சேவா அமைப்பின் பெண்களோடு பேசினார், கேரளத்துக்கும் போனார். 2000இல் வந்த 'விமன் அண்ட் ஹியூமன் டெவலப்மென்ட்' நூலில் திருவனந்தபுரத்துச் செங்கல் சூளையில் வருஷக்கணக்காகத் தலையில் கல் சுமந்த ஒரு பெண் வருகிறார். எத்தனை வருஷம் வேலை பார்த்தாலும் சூளையில் பெண்ணுக்குப் பதவி உயர்வு கிடையாது. போடியிலிருந்து விடியற்காலையில் ஜீப்பில் நெருக்கியடித்துக்கொண்டு, கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டி மெட்டுக்கு மேலே காய் எடுக்கப் போகும் பெண்களைப் பார்த்து வளர்ந்த எனக்கு அந்தப் பக்கங்கள் அந்நியமாகவே படவில்லை.

அந்த நூலில் ஒரு பட்டியல் இருக்கிறது. மனிதர் மனிதராக வாழ அவசியமான பத்துத் திறன்கள். உயிர், உடல்நலம், உடல் மீதான உரிமை என்று போகும் அந்தப் பட்டியலில் ஓரிடத்தில், அவமானப்படாமல் வாழ்வதற்கான அடிப்படை பற்றிச் சொல்கிறார். இனம், பால், பாலீர்ப்பு, மதம், சாதி இவற்றின் பெயரால் பாகுபாடு கூடாது என்று. பாலீர்ப்பும் சாதியும் ஒரே வரியில் நிற்கின்றன. தற்செயலாக வந்து நின்றவை அல்ல.

சாட்சிக் கூண்டில் பிளேட்டோ

தத்துவப் பேராசிரியர்கள் கோர்ட்டுக்குப் போவது அபூர்வம். நுஸ்பாம் போனார்.

1992இல் அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் ஒரு வாக்கெடுப்பு. டென்வர், போல்டர், ஆஸ்பன் ஆகிய ஊர்கள், தன்பாலீர்ப்பு கொண்டவர்களுக்கு வேலையிலும் வீடு வாடகையிலும் பாகுபாடு காட்டக் கூடாது என்று விதி போட்டிருந்தன. அந்த விதிகளை ரத்து செய்வதோடு, இனி மாநிலத்தில் எந்த ஊரும் அப்படி விதி போடவே கூடாது என்பதுதான் அந்தத் திருத்தம். சுமார் 53 சதவீத வாக்கில் அது நிறைவேறியது.

வழக்கு 1993 அக்டோபரில் டென்வரில் விசாரணைக்கு வந்தது. திருத்தத்துக்கு ஆதரவாக ஆக்ஸ்போர்டின் ஜான் ஃபின்னிஸ் போன்றவர்கள் வந்தார்கள். ஒருபாலுறவைக் கண்டிப்பது மத நம்பிக்கை மட்டுமல்ல, சாக்ரடீஸ், பிளேட்டோ, அரிஸ்டாட்டில் காலத்திலிருந்தே பகுத்தறிவு சொல்வதும் அதுதான் என்பது அவர்கள் வாதம். அந்த நூல்கள் அப்படிச் சொல்லவில்லை என்று எதிர்த்தரப்பில் சாட்சி சொன்னார் நுஸ்பாம். பண்டைய கிரேக்கர்களுக்கு ஆணோடு ஆண் காதல் என்பது தன்னளவில் வெட்கப்பட வேண்டிய விஷயமாக இருக்கவில்லை, அவர்களுடைய கவலையெல்லாம் அளவு மீறுதல், சுரண்டல் பற்றித்தான் என்றார்.

சண்டை கடைசியில் ஒரே ஒரு சொல்லில் வந்து நின்றது. பிளேட்டோவின் 'சட்டங்கள்' நூலில் வரும் 'தொல்மேமா'. அதற்குத் 'துணிச்சலான செயல்' என்று பொருளா, 'வெட்கங்கெட்ட குற்றம்' என்று பொருளா? நுஸ்பாம் ஒரு கிரேக்க அகராதியின் பழைய பதிப்பை ஆதாரமாகக் காட்டினார். பின்னால் வந்த பதிப்பில் கண்டனப் பொருள் இருக்கிறதே, அதை ஏன் மறைத்தார் என்று எதிர்த்தரப்பு கடுமையாகக் குற்றம் சாட்டியது. பழைய பதிப்பைத் தெரிந்தேதான் தேர்ந்தெடுத்தேன், அதுவே நம்பகமானது என்று அவர் பதில் சொன்னார். 1994இல் ஒரு சட்ட இதழில் நீண்ட கட்டுரையும் எழுதினார். கிரேக்க ஒருபாலுறவு பற்றி அடிப்படை நூல் எழுதிய கென்னத் டோவர் அதன் பின்னிணைப்பில் அவரோடு சேர்ந்துகொண்டார். ஆனாலும் அந்தக் கறை முழுசாகப் போகவில்லை. இன்றும் அவரை விமர்சிப்பவர்கள் முதலில் எடுப்பது இந்த அகராதி விஷயத்தைத்தான். அவரைப் பிடித்தவர்களும் இதைத் தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது.

வழக்கு பிளேட்டோவால் முடியவில்லை. 1996 மே மாதம் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 6-க்கு 3 என்ற கணக்கில் திருத்தத்தைத் தள்ளுபடி செய்தது. ஒரு கூட்டத்தின் மீதான வெறுப்பைத் தவிர இந்தச் சட்டத்துக்கு வேறு காரணமே தெரியவில்லை என்பது தீர்ப்பின் சாரம்.

ஆனால் நுஸ்பாமுக்கு அந்த விசாரணையில் உறைத்தது வேறொன்று. பிரச்சாரத்தில் ஓட்டுக் கேட்டவர்கள் பிளேட்டோவைக் காட்டவில்லை. மலம், ரத்தம், கிருமி என்று வயிற்றைப் புரட்டும் துண்டுப் பிரசுரங்களைக் காட்டினார்கள். கோர்ட்டில் தத்துவம், தெருவில் குமட்டல். அப்படியானால் படிக்க வேண்டியது குமட்டலைத்தான்.

அருவருப்பு எப்படி வேலை செய்கிறது?

2004இல் 'ஹைடிங் ஃப்ரம் ஹியூமானிட்டி', 2010இல் 'ஃப்ரம் டிஸ்கஸ்ட் டு ஹியூமானிட்டி'. இரண்டும் இதைப் பற்றித்தான்.

உளவியலாளர் பால் ரோஜின் குழுவின் சோதனைகளை நுஸ்பாம் அடித்தளமாக எடுத்துக்கொள்கிறார். கிருமி நீக்கம் செய்த கரப்பான் பூச்சியை ஒரு ஜூஸில் முக்கி எடுத்துவிட்டுக் குடிக்கச் சொன்னார்கள். ஆபத்து துளிகூட இல்லை என்று தெரிந்தும் ஆட்கள் குடிக்க மறுத்தார்கள். நம்ம ஊர்க் கணக்கில் சொல்வதானால், இப்போதுதான் கடையில் வாங்கி உறை பிரித்த, யாரும் தொடாத டாய்லெட் பிரஷ்ஷால் பாயசத்தைக் கிண்டினால் குடிப்பீர்களா? அழுக்கு இல்லை, கிருமி இல்லை. ஆனாலும் மாட்டோம்.

ஆக, அருவருப்பு ஆபத்தை அளக்கும் கருவி இல்லை. அது 'தீட்டு' என்ற எண்ணத்தின் மேல் ஓடுகிறது. எதைக் கண்டால் தீட்டு? மலம், சளி, அழுகல், பிணம். நாமும் விலங்குதான், நாமும் நாறி, அழுகி, சாகப்போகிறவர்கள்தான் என்று ஞாபகப்படுத்துகிறவை. இதுவரை பெரிய பாதகமில்லை. மலத்திலிருந்து விலகி நிற்பதால் உடம்புக்கு நல்லதும்கூட.

சிக்கல் அடுத்த படியில். இந்த அருவருப்பை நம் உடம்போடு விட்டுவைக்காமல், எடுத்து ஒரு மனிதக் கூட்டத்தின் மேல் பூசுகிறோம். நாற்றம் அவர்களுடையது, பிசுபிசுப்பு அவர்களுடையது, நாம் சுத்தம். அவர்களுக்கும் நமக்கும் ஒரே உடம்பு, ஒரே வேர்வை என்பது மறந்துபோகிறது. யூதர்கள், பெண்கள், தீண்டாதார் என்று ஒதுக்கப்பட்டவர்கள், தன்பாலீர்ப்பு கொண்டவர்கள் என்று காலத்துக்குக் காலம், ஊருக்கு ஊர் பூசப்படும் ஆள் மாறுகிறார். பூச்சு ஒன்றுதான்.

கோபத்தோடு ஒப்பிட்டால் வித்தியாசம் தெரியும். "என் தோட்டத்துக் காயைத் திருடிவிட்டான்" என்று கோபப்பட்டால், அதைச் சரிபார்க்கலாம். திருடினானா, எவ்வளவு, சாட்சி யார் என்று கேட்கலாம். கோபத்துக்குள் ஒரு தீங்கு இருக்கிறது, மற்றவர் முன் வைக்கக்கூடிய காரணம் இருக்கிறது. "குமட்டுது" என்பதற்கு என்ன கேள்வி கேட்பது? அது ஒரு வாந்தி உணர்ச்சி, அதோடு முடிந்தது. ஒருவரை ஜெயிலில் போட அது போதாது என்கிறார் நுஸ்பாம்.

அருவருப்புக்குச் சட்டத்தில் இடமே இல்லையா? உண்டு. பக்கத்து வீட்டுக்காரர் சாக்கடையை உங்கள் வாசலில் திறந்துவிட்டால் வழக்குப் போடலாம். அங்கே நாற்றம் உங்கள் மூக்கில் நேரடியாக ஏறுகிறது. ஆனால் நாலு சுவருக்குள் இருவர் என்ன செய்கிறார்கள் என்று நாமாகக் கற்பனை செய்து, அந்தக் கற்பனை நமக்குக் குமட்டுகிறது என்று வழக்குப் போட முடியாது. மாமாவின் "நினைச்சாலே" என்ற சொல்லில்தான் விஷயமே இருக்கிறது.

நமக்குத் தெரிந்த பாடம்

அமெரிக்க வாசகருக்கு நுஸ்பாம் பக்கம் பக்கமாக விளக்க வேண்டியிருந்தது. நமக்கு ஒரு டீ கிளாஸ் போதும். தென் மாவட்டங்களில் இரட்டைக் குவளை முறை என்றால் என்ன என்று யாருக்கும் அகராதி பார்த்துச் சொல்ல வேண்டியதில்லை. சிலருக்குக் கண்ணாடி கிளாஸ், சிலருக்குக் கொட்டாங்குச்சி. அந்த டீயில் கிருமி இருந்ததா? கழுவின கிளாஸ்தானே? கேட்டால் கிடைத்த பதில் "ஒரு மாதிரி இருக்கு" என்பதுதான். புது பிரஷ்ஷும் பாயசமும்.

அரசியலமைப்பின் 17ஆம் பிரிவு தீண்டாமையை ஒழித்தபோது அந்த "ஒரு மாதிரி இருக்கு" என்பதை ஒரு வாதமாகவே எடுத்துக்கொள்ளவில்லை. பெரும்பான்மையின் உணர்வு அதுதானே என்று கேட்டு நிற்கவும் இல்லை. 1948 நவம்பரில் அம்பேத்கர் அரசியல் நிர்ணய சபையில் பேசிய 'அரசியலமைப்பு அறம்' என்ற கருத்தை, 2009 ஜூலையில் டெல்லி உயர் நீதிமன்றம் 377 வழக்கில் எடுத்தாண்டது. பொதுமக்களின் ஒழுக்க உணர்வு வேறு, அரசியலமைப்பின் அறம் வேறு. அடிப்படை உரிமையைக் குறைக்க முதலாவது போதாது என்றது. 2013 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அதை மாற்றியது. பாதிக்கப்படுகிறவர்கள் மிகச் சிறு பகுதியினர்தானே என்பதும் அதில் ஒரு காரணமாக வந்தது. 2018 செப்டம்பர் 6 அன்று ஐந்து நீதிபதிகள் அதைத் திருத்தினார்கள். அந்தச் செய்தியைத்தான் மாமா படித்தார்.

நம் பக்கத்து வழக்கு ஒன்றும் இருக்கிறது. மதுரையைச் சேர்ந்த இரண்டு இளம்பெண்கள் ஒருவரை ஒருவர் விரும்பி, வீட்டில் எதிர்ப்பு வந்ததும் சென்னைக்குப் போனார்கள். பெற்றோர் காணவில்லை என்று புகார் கொடுத்தார்கள். பாதுகாப்புக் கேட்டுப் பெண்கள் உயர் நீதிமன்றம் போனார்கள். நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் அதில் செய்தது எனக்கு நுஸ்பாமின் புத்தகங்களுக்கு இணையாகத் தோன்றுகிறது. இந்த விஷயம் எனக்கே இன்னும் முழுசாகப் புரியவில்லை என்று ஆணையில் ஒத்துக்கொண்டு, தீர்ப்பு எழுதுமுன் ஒரு உளவியலாளரிடம் உட்கார்ந்து கற்றுக்கொண்டார். 2021 ஜூன் 7 அன்று வந்த ஆணை, போலீஸ் துன்புறுத்தக் கூடாது, பாலீர்ப்பை 'மாற்றும்' சிகிச்சை கூடாது என்றெல்லாம் சொன்னது. தொடர்ந்து தமிழகக் காவலர் நடத்தை விதிகள் திருத்தப்பட்டன. மரியாதையான தமிழ்ச் சொற்களின் பட்டியல் 2022இல் அரசிதழில் வந்தது. சொல்லே இல்லாத இடத்தில் வசைதான் முளைக்கும் என்பதால், இந்தப் பட்டியலை நான் சின்ன விஷயமாக நினைக்கவில்லை.

எல்லாம் முடிந்துவிடவில்லை. 2023 அக்டோபரில் திருமண உரிமை கேட்ட வழக்கில் உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. கலப்புமணத் தடையும் ஒருபால் மணத் தடையும் ஒரே வகை அநீதி என்று நுஸ்பாம் 2010லேயே எழுதியிருந்தார். நம் ஊரில் முதலாவதற்கே இன்னும் அரிவாள் தூக்குகிறார்கள்.

அவரோடு எங்கே முரண்படலாம்?

டான் கஹான் என்ற சட்ட அறிஞர் ஒரு நல்ல கேள்வி கேட்டார். கொடூரத்தைக் கண்டு அருவருப்பது நல்லதுதானே, அதையும் ஏன் விட வேண்டும்? நுஸ்பாமின் பதில் என்னை யோசிக்கவைத்தது. ஆணவக் கொலைச் செய்தி வந்தால் "மிருகங்கள்" என்கிறோம். சொன்னதும் நிம்மதியாக இருக்கிறது. ஏனென்றால் மிருகம் வேறு, நாம் வேறு. கொலைகாரன் நம் தெருக்காரன், நம் வீட்டுப் பேச்சைக் கேட்டு வளர்ந்தவன் என்பதை அந்தச் சொல் மறைத்துவிடுகிறது. அநீதி என்று கோபப்பட்டால் நம்மையும் சேர்த்து விசாரிக்க வேண்டி வரும்.

அவர் பணிவானவரும் இல்லை. 1999இல் ஜூடித் பட்லரைக் கிழித்து எழுதிய கட்டுரை பால்புதுமையர் ஆய்வுலகில் பலரைக் காயப்படுத்தியது. சட்டத்தின் மேல் அவருக்கு நம்பிக்கை கொஞ்சம் அதிகம் என்றும் எனக்குத் தோன்றும். 17ஆம் பிரிவு வந்து இத்தனை வருஷம் ஆகியும் கிளாஸ்கள் எல்லா ஊரிலும் ஒன்றாகிவிடவில்லையே? இதை அவர் மறுக்கமாட்டார். சட்டம் ஜெயில் கதவைத்தான் திறக்கும், எதிரில் இருப்பவரின் வாழ்க்கையை உள்ளிருந்து கற்பனை செய்து பார்க்கும் பழக்கம்தான் குமட்டலைக் கரைக்கும் என்பது அவர் பதில். அதற்குத்தான் கதைகளும் நாடகங்களும் வேண்டும் என்பார்.

திரும்பவும் டீக்கடை

மதுரைப் பெண்கள் வழக்கில் ஆணை வந்த வாரம் என் தோழன் போன் செய்தான். அவன் ஊரை விட்டுப் போய் வெகுநாள் ஆகிறது. சுற்றி வளைத்துப் பேசிவிட்டு, தன்னைப் பற்றிச் சொன்னான். அன்றைக்கு டீக்கடையில் நடந்ததையும் சொன்னான். "உங்க மாமா சொன்னது எனக்குப் புதுசில்லடா. நீ சிரிச்ச பாரு, அதான்."

அதற்குப் பிறகுதான் இந்தப் புத்தகங்களை ஒழுங்காகப் படித்தேன். போன பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது மாமாவிடம் பேசினேன். தாத்தா காலத்தில் எங்கள் வீட்டுத் திண்ணையில் தோட்ட ஆட்களுக்கென்று ஒரு அலுமினிய டம்ளர் தனியாகத் தொங்கும்.

"அது தப்புதானே மாமா?"

"தப்புதான். இல்லைங்கலையே."

"தாத்தா அதுக்கு என்ன காரணம் சொன்னார்?"

மாமா கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. "காரணம்னு ஒண்ணும் சொன்னதில்ல. அவருக்கு ஒப்பாது, அவ்வளவுதான்" என்றார். பிறகு, "நீ எங்க வர்றேன்னு புரியுது மாப்ள" என்றார்.

அவர் மாறிவிட்டார் என்று சொல்லமாட்டேன், எனக்கு அது தெரியாது. தோழன் இன்னும் ஊருக்கு வரவில்லை. வந்தால் அதே கடையில் மூன்று டீ சொல்ல வேண்டும். மாமாவும் வரட்டும்.